பன்னெண்டாவது நிமிசம்

வா கண்ணு, வா. செருப்பை அங்கயே கழட்டிப் போட்டுட்டு இந்தக் கயித்துக் கட்டல்ல உக்காரு. கறுப்புக் கண்ணாடியையும் கழட்டிரு சாமி. பொழுது எறங்கி அரை மணி நேரமாச்சு. கட்டுத்தரையில கன்னுக்குட்டி உன்னைப் பாத்து மெரளுது.

உன்ற பேட்டியப் பாத்தோம். சும்மா பாக்கல. பால் சொசைட்டி வாசல்ல சாயங்காலப் பாலு ஊத்த வந்த சனம் ஒட்டுக்கா நின்னு, ஒரே போனுக்குள்ள தலையக் குடுத்துப் பாத்துது. பாலைச் சோதிக்கற பையன் கருவியக் கையில புடிச்சவாக்குல வாயப் பொளந்துட்டு நின்னுட்டான். அன்னைக்கு எல்லாத்துப் பாலுக்கும் ஒரே டிகிரிதான். தண்ணி கலந்து கொண்டாந்தவன் உன்னை மனசார வாழ்த்திட்டுப் போனான். உன்ற எழுத்தால நம்மூருல பலன் அடைஞ்ச மொத ஆளு அவன்தான்.

எனக்கு மட்டும் சந்தோசம் இல்லாமயா? மக வயித்துப் பேரன், 28 வயசு, கொலைக்கதை எழுதுனான்னு கேமராவைத் தூக்கிட்டு வூடு தேடி வர்றாங்க. என்ற மூஞ்சி அச்சுல வந்தது ரேசன் கார்டுல ஒருக்காத்தான். அதுலயும் நம்ம பங்காளியாட்டந்தான் இருக்கறேன்.

ஆனா உன்ற அமுச்சி கோவத்துல இருக்கறா. உள்ளார போறதுக்கு முன்னால இதைக் கேட்டுட்டுப் போ.

அவ உன்ற பொஸ்தவத்தை நாளைக்கு நாலு பக்கம்னு, வரிக்கு வரி வெரலு வெச்சுப் படிச்சுட்டிருந்தா. 88-ஆம் பக்கம் வந்திருந்தா. ஆரு கொன்னதுன்னு எங்கிட்டப் பந்தயம் வேற. அவ சந்தேகமெல்லாம் அந்தக் கம்பவுண்டர் மேல. "ஊசி போட்டுட்டுக் காசை எண்ணாம ஜோப்புல போடறவனை நம்பப்படாது"ங்கறா. நான் ரெண்டே நாளையில முடிச்சவன். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. 55 வருசக் குடும்பத்துல அவகிட்ட நான் மறைச்சு வெச்சது மொத்தம் மூணு. அதுல இது ஒண்ணு.

வந்துச்சு பன்னெண்டாவது நிமிசம். பேட்டி எடுக்கற புள்ள கேக்குது: "அந்த டிரைவர் கேரக்டர் மனசைத் தொட்டுருச்சு சார், எப்படி யோசிச்சீங்க?" நீ காலு மேல காலைப் போட்டுட்டு, மோவாயைத் தடவிட்டு, என்ன சொன்னே? "கொலைகாரன் மேலயே வாசகருக்கு இரக்கம் வரணும்னுதான் அவனுக்கு ஒரு காலை ஊனமா வெச்சேன்."

அடக் கெரகமே! 240 பக்கம் கோழி அடை காக்கறாப்புல பொத்திப் பொத்தி வெச்சதை, ஒரு புள்ள சிரிச்சுட்டுக் கேட்டதும் அவுத்து உட்டுட்டே. போலீசு தலைகீழாக் கட்டி அடிச்சுருந்தாலும் அந்த டிரைவரு சொல்லியிருக்க மாட்டான். அவனைப் பெத்தவன் நீ, சொல்லிப்போட்டே. அமுச்சி பொஸ்தவத்தை மூடி எடுத்துட்டுப் போயி மோருப் போசி மேல வெச்சுட்டா. அளவு சரியா இருக்குதாம்.

லண்டன்ல ஒரு நாடகம் நடக்குது. 'மவுஸ்ட்ராப்'னு பேரு, எலிப்பொறி. அகாதா கிறிஸ்டி அம்மா எழுதுனது. 1952-ல ஆரம்பிச்சாங்க. கொரோனாவுல மூடுனதைத் தவிர, இன்னும் ஓடுது. ஆட்டம் முடிஞ்சதும் நடிக்கறவங்க மேடையில நின்னு, கொலைகாரன் ஆருங்கறதை வெளிய போயிச் சொல்லாதீங்கன்னு கேட்டுக்குவாங்களாம். சனமும் 70 வருசத்துக்கு மேல அதை மதிச்சு நடக்குது. டிக்கெட்டு வாங்கிப் பாத்தவங்க வாயை மூடிட்டுப் போறாங்க. உன்னால பன்னெண்டு நிமிசம் முடியல.

உனக்கு விளம்பரந்தானே வேணும்? அந்தம்மாகிட்டயே ஒரு வழி இருக்குது. 1926 டிசம்பர்ல ஒரு ராத்திரி காரை எடுத்துட்டுப் போனவங்க திரும்பல. காரு மட்டும் ஒரு பள்ளத்தோரம் நிக்குது. போலீசு தேடுது, ஆகாசத்துல ஏரோப்ளேன் உட்டுத் தேடறாங்க. ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதுன கானன் டாயில் இருக்கறாரே, அவரு அந்தம்மாவோட கையுறையைக் கொண்டுபோயிக் குறி சொல்றவருகிட்டக் குடுத்துக் கேட்டாரு! ஹோம்ஸைப் பெத்தவரு, பூதக்கண்ணாடியை எடுக்காம குறி கேக்கப் போனாரு பாரு. நம்ம சனத்தை மட்டும் ஏன் கொறை சொல்லோணும்? 11 நாளு கழிச்சு, ஹாரோகேட்னு ஒரு ஊரு ஓட்டல்ல, வேற பேருல தங்கியிருந்தாங்கன்னு கண்டுபுடிச்சாங்க. என்ன பேருல? புருசன் ஆரோட சகவாசம் வெச்சிருந்தாரோ, அந்தப் பொம்பளையோட குடும்பப் பேருல.

அதுக்கு மேல கிட்டத்தட்ட அம்பது வருசம் உசுரோட இருந்தாங்க. என்ன நடந்துச்சுன்னு வெவரமாச் சொல்லவே இல்ல. தன் கதையை எழுதுன பொஸ்தவத்துலயும் அந்த 11 நாளுக்கு எடம் இல்ல. இன்னைக்கு வரைக்கும் சனம் அதையே பேசுது. உனக்கும் அப்புடி ஒரு யோசனை இருந்தா, போறதுக்கு முன்னால எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போ. ஏன்னா உன்னைத் தேட ஏரோப்ளேன் வராது. நாந்தான் டிவிஎஸ் மொப்பட்டை எடுத்துட்டு அலையோணும். பெட்ரோலு விக்கற வெலையில நாலு நாளைக்கு மேல தேட முடியாது.

அப்பறம் அந்தக் கறுப்புக் கண்ணாடி. கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பின்னால சிவப்பு வெளக்கு, மோவாய்க்கு முட்டுக்குடுத்த கை. பொஸ்தவத்துக்குப் பின்னட்டையில அந்தப் போட்டோவைப் பாத்துட்டு நம்ம சலூன்கடைக்காரரு, "மாப்பிளைக்குப் பல்லு வலியா?"ன்னு கேட்டாரு. இல்லீங்க, யோசனைன்னேன்.

கண்ணாடிக்கும் ஒரு பரம்பரை இருக்குது கண்ணு. தமிழ்வாணன்னு ஒருத்தரு இருந்தாரு. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாத அவரை நாங்க ஒருத்தரும் பாத்ததில்ல. மூஞ்சியே வேண்டாம், தொப்பியும் கண்ணாடியும் வரைஞ்சாப் போதும், அவருதான்னு பச்சப்புள்ளையும் சொல்லும். அந்தப் படத்தை மட்டும் தவால்ல வரைஞ்சு போட்டாக்கூடக் கடுதாசி அவரு வூட்டுக்குப் போயிச் சேந்துச்சுன்னு சொல்லுவாங்க. ஆனா அந்தக் கண்ணாடிக்குப் பின்னால வாராவாரம் 'கல்கண்டு' இருந்துச்சு. டீ குடிச்சு டீ குடிச்சே துப்புத் துலக்குன சங்கர்லாலு இருந்தாரு. தேள்கடிக்கு மருந்துல இருந்து கடல் தாண்டுன ஊரு வரைக்கும் அவரு எழுதாத சங்கதி இல்ல. தொப்பி பின்னால வந்துச்சா, வேலை முன்னால வந்துச்சான்னு நீயே துப்பறிஞ்சுக்கோ. நீ கண்ணாடியை மொதல்ல வாங்கிட்டே. அதுவும் தவணையில.

இன்னொண்ணு. பேட்டி எடுத்த புள்ள உன்னை "அடுத்த சுஜாதா"ன்னுச்சு. போன மாசம் வேற ஒருத்தன் "அடுத்த ராஜேஷ்குமார்"ன்னான். நீயும் மறுக்காம, வெக்கப்பட்டாப்புல கொஞ்சம் சிரிச்சுட்டே. அந்தச் சிரிப்பை நான் மாப்பிளை பாக்கற வூட்டுல பாத்திருக்கறேன்.

ராஜேஷ்குமாரு நம்ம கோயமுத்தூருக்காரரு. 1,500 நாவலுக்கு மேல எழுதியிருக்கறாரு. அது எவ்வளவுன்னு நெனைக்கறே? நம்ம தோட்டத்துத் தென்னை மரத்தை ஒட்டுக்கா எண்ணுனாலும் அதுல கால்வாசி தேறாது. நான் 80-கள்ல பல்லடம் பஸ் ஸ்டாண்டுல, கயித்துல கவுத்துத் தொங்கப்போட்ட பாக்கெட் நாவலை வாங்கிட்டு டவுன் பஸ் ஏறுனா, எறங்கறதுக்குள்ள அவரோட துப்பறியற விவேக் கொலைகாரனைப் புடிச்சிருப்பாரு. ஒரு தடவை புடிக்கல. நான் ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கி, படிச்சு முடிச்சுட்டு, இட்டேரி வழியா நடந்து வந்தேன். பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத்-சுசீலா கதையை அமுச்சிக்குத் தெரியாம படிச்சேன். அந்தச் சுசீலா பனியன்ல எழுதியிருக்கற வாசகத்தை அமுச்சி பாத்தா வூட்டுல அடுப்பு எரியாது. மூணுல ரெண்டாவது ரகசியம் அது. சுபான்னு பேரு போட்டிருந்தா ஆரோ ஒரு பொம்பளைன்னு ரொம்ப நாளு நெனைச்சுட்டிருந்தேன். அப்பறம் பாத்தா சுரேஷு, பாலகிருஷ்ணன்னு ரெண்டு ஆம்பளைங்க.

இவங்க மூஞ்சி எப்புடி இருக்கும்னே எங்களுக்கு அப்பத் தெரியாது. விவேக் எப்புடி இருப்பாருன்னு தெரியும். நீ என்னடான்னா, உன்ற மூஞ்சி ஊருக்கே தெரியுது, உன்ற துப்பறியறவன் பேரு என்னன்னு பால் சொசைட்டியில கேட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல. நாவலு ஒண்ணு, பேட்டி 22. விரலு விட்டு எண்ணிட்டுத்தான் சொல்றேன். கணக்கு நேர்மாறா இருந்திருக்கோணும்.

உனக்குக் கொள்ளுத்தாத்தன் காலத்துக் கதையும் தெரியோணும். ஜே.ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' எழுதுனாரு. வடுவூர் துரைசாமி ஐயங்கார் 'திகம்பர சாமியார்'னு ஒரு துப்பறியற சாமியாரையே உட்டாரு. 1950-ல அது படமா வந்து, நம்பியாரு அத்தனை வேசம் போட்டு நடிச்சதை நான் டூரிங் டாக்கீசுல மணலைக் குமிச்சு உக்காந்து பாத்தேன். எந்த வேசத்துல எந்த நம்பியாருன்னு கண்டுபுடிக்கறதே எங்களுக்கு ஒரு துப்பறியற கதை. வை.மு. கோதைநாயகி அம்மா எழுதப் படிக்கப் பழகறதுக்கு முந்தியே மொத நாடகத்தை வாயால சொன்னாங்க, தோழி ஒருத்தி கேட்டு எழுதுனா. அப்பறம் எழுதக் கத்துட்டு 115 நாவலு. 'ஜகன்மோகினி'ன்னு பத்திரிகையும் நடத்துனாங்க. அவங்களுக்கு லேப்டாப்பு இல்ல, ஊட்டியில ரூமு போட்டு யோசிக்கற வழக்கமும் இல்ல. நீ ரெண்டாவது நாவலுக்காக ஊட்டிக்குப் போயிட்டு எத்தனை பக்கத்தோட வந்தேன்னு உங்கம்மா சொன்னா. வர்க்கி நல்லாருந்துச்சு.

இனி பொஸ்தவத்துக்கு வரலாம். நீ என்ற அபிப்பிராயத்தைக் கேக்கலைங்கறதால சொல்றேன்.

மொத அத்தியாயம் நெம்ப நல்லாருக்குது. பொய் சொல்லல. அந்த நூல் மில்லு ஷிப்டு முடியற சங்கும், பனியில காது மூடிக்கட்டிட்டுப் பொம்பளைங்க வேன்ல இருந்து எறங்கறதும், அதுல ஒருத்தி மட்டும் எறங்காததும்... படிச்சுட்டு நானே எந்திரிச்சுப் போயிக் கதவுத் தாழ்ப்பாளைப் பாத்துட்டு வந்தேன். அதை எழுதத் தெரிஞ்சவனுக்கு 9-ஆம் அத்தியாயத்துல என்ன கேடு வந்துச்சு?

கொலைகாரன் ஒரு ஆளைக் கட்டிக் கொண்டாந்து தோட்டத்துத் தண்ணித்தொட்டிக்குள்ள போடறான். ராத்திரி சரியா 2 மணி 10 நிமிசத்துக்கு மோட்டாரை ஆன் பண்றான். தண்ணி மெதுவா ஏறுது, முழங்காலு, இடுப்பு, கழுத்து. படிக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா கதை நடக்கறது 2012-லன்னு நீயே எழுதியிருக்கறே. கண்ணு, 2012-ல நம்ம பக்கம் கரண்டு எப்புடி இருந்துச்சுன்னு மறந்துட்டியா? நீ அப்ப பள்ளிக்கூடத்துல, அரிக்கேன் வெளக்குல படிச்சுட்டிருந்தே. மில்லுக்காரங்க ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தியே நொந்துபோனாங்க. தறிக்குடோனெல்லாம் பாதி நாளு ஊமையாக் கெடந்துச்சு. மோட்டாருக்கு மூணு பேஸும் வந்தாத்தான் ஓடும், அது எப்ப வரும்னு அந்த மாரியாத்தாளுக்கே தெரியாது. உன்ற கொலைகாரன் 2.10-க்கு ஸ்டார்ட்டரை அமுக்கியிருந்தான்னா, 'டொக்'குனு ஒரு சத்தம் மட்டும் வந்திருக்கும். விடிய விடியத் தொட்டி மேட்டுல உக்காந்து கொசுக்கடி வாங்கியிருப்பான். தொட்டிக்குள்ள கெடக்கறவனும் அவனும் நாயம் பேசிப் பேசிச் சினேகிதமாயிருப்பாங்க.

நாங்க என்ன பண்ணுவோம்? ஸ்டார்ட்டரை ஆட்டோவுல போட்டுட்டு வந்து படுத்துக்குவோம். கரண்டு எப்ப வருதோ அப்ப மோட்டாரு தானா ஓடும். ராத்திரி 11-க்கோ, வெடியால 4-க்கோ, தூக்கத்துலயே காதுல சத்தம் கேக்கும். இப்ப அந்த ஆளைத் தொட்டிக்குள்ள போட்டு, ஆட்டோவைப் போட்டுட்டு, கொலைகாரன் கெளம்பிப் போயி ஊருக்குள்ள பத்து பேரு பாக்க டீக்கடையில உக்காந்துக்கறான்னு வெச்சுக்கோ. உள்ளார கெடக்கறவனுக்குத் தெரியும், கரண்டு வந்தாச் சாவு. தூரத்துல தெருவெளக்குப் பொக்குனு எரியுது. மூணு பேஸா, ஒரு பேஸா? மோட்டாரு 'ஙொய்'ங்குது, நின்னுருது. மறுக்காவும் இருட்டு. படிக்கறவன் பக்கத்தைத் திருப்பாம இருப்பானா? நம்மூருக்காரனுக்கு எப்ப வரும்னு தெரியாத அந்தக் கரண்டைவிட மர்மம் வேற எதுடா? 2.10-ன்னு கடியாரத்தைப் பாத்துக் கொல்றதுக்கு லண்டன் கொலைகாரன் எதுக்கு நம்ம தோட்டத்துக்கு?

அதுக்கப்பறம் பொணத்தைக் கொண்டுபோயி என்ன பண்றான்? போர்வெல்லுக்குள்ள போட்டுடறான். அதைப் படிச்சுட்டு நான் டேப்பை எடுத்துட்டுப் போயி நம்ம போரை அளந்தேன். ஆறரை இஞ்சு. ஆறரை இஞ்சு ஓட்டைக்குள்ள ஆறடி ஆளு, அதுவும் நீ "வாட்டசாட்டமான உடம்பு"ன்னு 31-ஆம் பக்கத்துல எழுதுன ஆளு. என்ற மம்மட்டிக் காம்பு போகும், அந்த ஆளு போகமாட்டான். தொறந்த கெணறுன்னு எழுதியிருந்தா முடிஞ்சு போச்சு. நம்ம பக்கம் பாதிக் கெணறு தண்ணியில்லாம முள்ளு மொளைச்சுத்தான் கெடக்குது, எட்டிப்பாக்கக்கூட ஆளில்ல. போலீசே வராது.

இதெல்லாத்தையும் உட்டுரு. நாயி எங்கடா?

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் காரைக் கொண்டாந்து, ஆளைத் தூக்கிட்டு, சாளைக்குப் பின்னால தொட்டி வரைக்கும் போறான். நம்ம பக்கம் நாயில்லாத தோட்டத்தைக் காட்டு பாக்கலாம். கெழவன் இல்லாத தோட்டம் இருக்கும், நாயில்லாத தோட்டம் இருக்காது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில ஒண்ணு, குதிரை காணாமப் போற கதை. அன்னைக்கு ராத்திரி நாயி ஏன் கொலைக்கலைன்னு ஒரு கேள்வியக் கேட்டே அந்த மனுசன் ஆளைப் புடிச்சுருவாரு. வந்தவன் நாயிக்குப் பழக்கமானவன், அதனால கொலைக்கல. உன்ற கதையிலயும் நாயி கொலைக்கல. ஏன்னா நீ நாயே வெக்கல. நம்ம மணிப்பய உன்னை மூணு வருசமாப் பாத்துட்டிருக்கறான், இன்னைக்கும் நீ வரும்போது கொலைச்சான் பாத்தியா? கண்ணாடியப் போட்டுட்டு வந்தா அப்புடித்தான் கொலைப்பான்.

இதைக் கேக்க உனக்கு நேரமில்லைன்னு தெரியுது. போனு ரெண்டு தடவை மினுங்கிருச்சு. எடுத்துப் பேசு. இல்லியா? அப்ப கேளு.

ஆசாரத்துல எட்டுப் பெட்டி பொஸ்தவம் அடுக்கி வெச்சிருக்கறியே, அதைப் பத்தி உங்கம்மாகிட்ட நெம்பப் பெருமையாச் சொன்னியாம். அமெரிக்காவுல ஜான் கிரிஷாம்னு ஒரு வக்கீலு, மொத நாவலு அடிச்சதே 5,000 காப்பி, அதுல 1,000 அவரே வாங்கிக் காருல போட்டு ஊரூராப் போயி வித்தாரு, இன்னைக்குக் கோடீஸ்வரன்னு. நெசந்தான். நானும் நூலகத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா நீ சொல்லாம உட்டது ஒண்ணு இருக்குது. அந்த மொத நாவலை எழுதி முடிச்ச மறுநாளே அடுத்த நாவலை ஆரம்பிச்சுட்டாரு. மறுநாளு! அந்த ரெண்டாவதுதான் அவரைத் தூக்கி உட்டுது. நீ எழுதி முடிச்ச மறுநாளு என்ன பண்ணே? போட்டோ புடிக்கறவனுக்கு அட்வான்ஸ் குடுத்தே.

ஆகஸ்ட்டுல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனியே. ஸ்டாலுக்கு முன்னால பேனாவைத் தொறந்து புடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் நின்னே. மூணு பேரு வந்தாங்க. ஒருத்தரு, டாய்லெட்டு எந்தப்பக்கம்னாரு. ஒரு அம்மா, பை குடுப்பீங்களான்னாங்க. மூணாவது ஒரு பையன், 'பொன்னியின் செல்வன்' இருக்குதுங்களான்னான். கல்கி 1954-லயே போய்ச் சேந்துட்டாரு. பேட்டி குடுக்காமயே அவரு பொஸ்தவம் போயிட்டிருக்குது. நீ மொகத்தைத் தொங்கப்போட்டுட்டு நின்னதைப் பாக்க எனக்குத் தாங்கல. அதனாலதான் நாலாவது ஆளா ஒரு பெரியவரு வந்து ரெண்டு காப்பி வாங்கிட்டுக் கையெழுத்தும் போடச்சொன்னாரு. அவரு நம்ம பருத்தி யாவாரி. காசு நாந்தான் குடுத்தேன். அமுச்சிக்குத் தெரியாது. மூணாவது ரகசியம்.

வேலையை உடப்போறேன்னு கேள்விப்பட்டேன். முழுநேர எழுத்தாளராமா. சுஜாதாவுக்குத் துப்பறியற கணேஷு 1968-ல 'நைலான் கயிறு'லயே வந்துட்டாரு, வசந்த் அப்பறந்தான் வந்து ஒட்டிக்கிட்டான். அந்த ரெண்டு பேரையும் ஊரெல்லாம் கொண்டாடுன காலத்துல சுஜாதா எங்க இருந்தாரு தெரியுமா? பெங்களூருல பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல ரங்கராஜன்னு கையெழுத்துப் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டிருந்தாரு. ஓட்டுப்போடற மிசினு செய்யறதுல அவருக்குப் பங்கு உண்டு. பேருகூடச் சொந்தப் பேரில்ல, ஊட்டுக்காரம்மா பேரு. நீ "அடுத்த சுஜாதா"ன்னா, மொதல்ல ஊட்டுக்காரம்மான்னு ஒருத்தி வேணும். அதுக்கு வேலை வேணும். பொண்ணு பாக்கப் போற எடத்துல, மாப்பிளை என்ன பண்றாருன்னு கேட்டா, மாசம் ஒருத்தனைக் கொல்றாருன்னு நான் எப்புடிச் சொல்றது?

வெப்சீரிசுக்கு ஆரோ கேட்டாங்கன்னியே, அதைப் பத்தி நான் ஒண்ணும் பேசல. அட்வான்ஸ் கைக்கு வந்த அன்னைக்குச் சொல்லு, பேசறேன்.

செரி, எந்திரி. கையக் கழுவு. அமுச்சி அரிசியும் பருப்பும் ஆக்கியிருக்கறா, நெய்யி ஊத்துவா, கோவத்துல கொஞ்சம் எச்சாவே ஊத்துவா. பொஸ்தவத்தைப் பத்தி அவ எடுத்தா நீ ஒண்ணும் பேசாதே. ஏன்னா நான் ஒரு வேலை பண்ணி வெச்சிருக்கறேன்.

அந்தக் காலத்துல பல்லடத்துல வாடகைக்குப் பொஸ்தவம் குடுக்கற லைப்ரரி ஒண்ணு இருந்துச்சு. மர்ம நாவலு எடுத்தா ரெண்டு தொல்லை. ஒண்ணு, கடைசித் தாளை எவனாச்சும் கிழிச்சிருப்பான். ரெண்டாவது, மூணாம் பக்கத்துலயே பேனாவுல 'கொலைகாரன் மேனேஜர்தான்'னு எழுதி வெச்சிருப்பான். எழுதுனவனைத் தேடி அந்த லைப்ரரிக்காரரு நாலு வருசம் அலைஞ்சாரு. கண்டுபுடிக்கல. கடேசி வரைக்கும் எங்கிட்டயே வந்து, "பண்ணாடி, உங்களுக்கு ஆரு மேலயாச்சும் சந்தேகம் இருக்குதுங்களா?"ன்னு கேட்டுட்டுப் போவாரு.

நேத்து நம்ம கெளை நூலகத்துக்கு உன்ற பொஸ்தவம் மூணு காப்பி குடுத்தேன். மூணுலயும் மூணாம் பக்கத்துல எழுதிட்டேன். ஒண்ணுல கம்பவுண்டர், ஒண்ணுல மில்லு முதலாளி, ஒண்ணுல அந்த வேன்ல இருந்து எறங்காத புள்ளையோட அண்ணன். பால் சொசைட்டியிலயும் சொல்லிட்டேன்: பையன் பேட்டியில சொன்னது பொய்யாம், வேணும்னே தெசை திருப்பி உட்டிருக்கறான், நெசமான ஆளு வேறன்னு. காத்தாலயே நாலு பேரு நூலகத்துல வரிசை கட்டிட்டாங்க.

அமுச்சிகிட்டயும் அதான் சொல்லியிருக்கறேன். மத்தியானம் பாத்தேன், மோருப் போசி மேல தட்டம் இருந்துச்சு.